முண்டு கடித்த ஆடு

கண்டக்டர் தங்கம்மை என்று கூப்பிடும் பெண் களியக்காவிளையில் ஏறி, ஒரு அரிசி மூட்டையை என் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறாள். "மூட்டை தெரியாம காலை இப்பிடி வச்சுக்கிடுங்க சாரே" என்கிறாள். எரிச்சலோடு வைத்துக்கொள்கிறேன்.

பாறசாலைக்கு முன்னால், எல்லைச் செக்போஸ்டில் பஸ் நிற்கிறது. தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குப் போகக் கூடாது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார். பிடிபட்டால் மூட்டை என்னுடையதாகிவிடும்.

தங்கம்மை பக்கத்துச் சீட்டுக்காரியிடம் உரக்கப் பேச ஆரம்பிக்கிறாள்.

"எனக்க மவளைப் பெண்ணு காண வந்த மாப்பிளை உடுத்திருந்த முண்டை எங்க ஆடு கடிச்சுப் பிடிச்சிட்டு. இழுத்தா முண்டு அவுந்திரும். விட்டா ஆடு தின்னுரும். பெண்ணு சாயா கொண்டு வாறா."

டிரைவர் பாட்டுக் கேசட்டை நிறுத்துகிறார். என் சீட்டருகே குனியப்போன காக்கிச் சட்டைக்காரர் நிமிர்கிறார்.

"பொறவு?"

"அவன் ஆட்டுக்க கூடவே நடக்கான் சாரே. ஆடு நேரே அடுக்களைக்குப் போவுது."

பஸ்ஸே சிரிக்கிறது. கண்டக்டர் சிரித்தபடி பெல் அடிக்க, காக்கிச் சட்டைக்காரர் அவசரமாக இறங்கி ஜன்னலோடு கூட நடக்கிறார்.

"கல்யாணம் நடந்துதா?"

"நாளைக்குச் சொல்லுதேன் சாரே."

பாறசாலை தாண்டியதும் காலை நீட்டிக்கொண்டு நானும் அதையே கேட்கிறேன்.

"எனக்கு ஏது மவ? மூணும் பயலுவளாக்கும்" என்கிறாள் தங்கம்மை. "நாளைக்கு ரெண்டு மூட்டை உண்டு. கல்யாணத்தைக் கொஞ்சம் நீட்டணும்."