அக்கா வாங்கிய சைபர்

அப்பாவின் லோரி எஸ்டேட் சாலையில் திரும்பும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவது என் வழக்கம். அன்று மாலை, சற்று முன் பார்த்த ஒன்றை அப்பா கண்ணில் படாமல் மறைக்க அக்காவின் மேசைக்கு ஓடினேன். எனக்கு எட்டு வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிவம் ஆறில் படித்துவந்த அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த நோட்டில், பக்கத்தின் அடியில் ஒரு பூஜ்யம். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் இரண்டு வட்டங்கள்.

"ஃபிசிக்ஸ்ல இந்த டெஸ்ட்லயும் கோட்டை விட்டா, ராவாங் டவுன்ல ஃபேக்டரி வேலைதான்" என்று அப்பா காலையில்தான் சொல்லியிருந்தார்.

பக்கத்தைக் கிழித்துக் கசக்கி, பின்பக்க வாய்க்காலில் போட்டேன். மழைத்தண்ணீர் அதைச் செம்பனை மரங்களுக்குள் இழுத்துப் போனது. குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அக்கா வந்து நோட்டைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். நாளைக் காலை ஆசிரியரிடம் காட்ட வேண்டிய கணக்கு என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அப்பா வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் சொன்னேன்.

"நான்தான் கிழிச்சேன். நீ சைபர் வாங்கிட்ட."

அவள் அடிக்கவில்லை. "அது மார்க் இல்லலா. விடை. நான்தான் சிவப்புல வட்டம் போட்டேன்."

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சதுரம் வரைந்தாள். நான்கு மூலைகளிலும் ஒரே அளவு மின்னூட்டம். இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ்.

"நடுவுல பொட்டென்ஷியல் எவ்ளோன்னு கேக்கறாங்க. நாலு மூலையும் நடுவுக்கு ஒரே தூரம். ஒவ்வொரு சார்ஜையும் தூரத்தால வகுத்து, பிளஸ் மைனஸ் போட்டு அப்படியே கூட்டணும். திசை பாக்கவே கூடாது."

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னாள். கூட்டினோம். பூஜ்யமே வந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இவ்ளோ எழுதி சைபரா?"

"ஆமாப்பா. அதான் சரி."

"டெஸ்ட் பேப்பர் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா."

எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா மட்டும் பள்ளிப்பையைக் காலால் மேசைக்கடியில் வேகமாகத் தள்ளினாள். என்மேல் கோபம் என்று நினைத்து, அவளுடைய பென்சில்களையெல்லாம் சீவிக் கொடுத்தேன்.

திருத்திய தேர்வுத்தாள் அன்று மதியமே வந்து அவள் பையில் கிடந்தது. அதில் இதே கணக்குக்குத் திசை பார்த்துக் கூட்டி மதிப்பெண்ணைத் தொலைத்திருந்தாள். வெகு காலம் கழித்து அவளே இதைச் சொன்னாள். அன்று நான், அக்காதான் வகுப்பில் முதலாவதாக வருவாள் என்று அப்பாவிடம் உறுதி சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.