மணலுக்குள் ஒன்பது நாள்

வண்ணமீன் வியாபாரத்தில் பாதி வேலை மீனைக் காட்டி விற்பது. மீதிப் பாதி, கண்ணில் படாத மீன் உயிரோடுதான் இருக்கிறது என்று வாங்கியவரிடம் சத்தியம் செய்வது. திருவண்ணாமலையில் பத்தொன்பது வருஷமாக இரண்டையும் செய்துவருகிறேன். தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே தொட்டிக்குள் தலைகளை எண்ணிப் பார்க்கிற கூட்டம் நாம். ஒரு தலை குறைந்தால் அன்றைக்கு டீ இறங்காது. எனக்கு ஒன்பது நாள் டீ இறங்காத கதை இது.

நாக்கால் அளந்த உப்பு

என் கடையில் இருப்பதெல்லாம் தங்கமீன், கப்பி, ஃபைட்டர் என்று நல்ல தண்ணீர் மீன்கள்தான். கடல்மீன் வளர்க்கிறவர் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர், வேங்கிக்காலில் இருக்கும் தேவராஜ் சார். இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மலை தெரிகிற வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. அதனால் ஓய்வு பெற்றதும் இங்கே வந்து வீடு கட்டினார். இரண்டு வருஷம்தான் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அந்தம்மா போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. ஜன்னலில் மலையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல், கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்றை வைத்து, அதற்குள் கடலைக் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

கடல் தண்ணீர் லாரியில் வராது. அதற்கென்று பாக்கெட்டில் வருகிற உப்பைத் தண்ணீரில் கரைத்து, மீட்டர் வைத்து அளக்க வேண்டும். முதல் நாள் நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அவர் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கம்மி, இன்னும் ஒரு கை போடுங்க என்றார். மீட்டரும் கம்மி என்றது. ஒரு கை போட்டதும் சரியாக வந்தது. இதையெல்லாம் வாயில் வைக்கக் கூடாது சார் என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: “நாப்பது பேருக்கு உப்புப் போட்ட கை பாய் இது. ஒரு மீனுக்குப் போடத் தெரியாதா?”

முதல் இரண்டு பேர்

அவர் படத்தில் பார்த்துப் பிடிவாதமாகக் கேட்ட மீனுக்கு ராஸ் என்று பெயர். மஞ்சள் நிறம், விரல் நீளம். பயந்தாலும் மணலுக்குள் போகும், தூக்கம் வந்தாலும் மணலுக்குள் போகும். முதலில் வந்தது துள்ளக்கூடியது என்று தெரியாமல் தொட்டியைத் திறந்து வைத்திருந்தோம். மறுநாள் காலை அது தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. இரண்டாவது வந்ததும் மணலுக்குள் போனது. மூன்று நாள் வெளியே வரவில்லை. செத்திருக்குமோ என்ற பயத்தில் சார் தோசைக் கரண்டியை விட்டுக் கிளறிவிட்டார். மீன் உயிரோடுதான் வெளியே வந்தது. ஆனால் உடம்பெல்லாம் செதில் உரிந்திருந்தது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

செதில் உரிந்ததற்குக் கரண்டி மட்டும் காரணமில்லை. நான் போட்ட மணல் பவளத் துண்டுகளை உடைத்த முரட்டு மணல். கடையில் விற்காமல் கிடந்தது, பார்க்க அழகாக இருந்தது, போட்டுவிட்டேன். இந்த மீனுக்கு மாவு போல மெல்லிய மணல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. வியாழக்கிழமைதோறும் தண்ணீர் மாற்ற அவர் வீட்டுக்குப் போவேன். மற்ற வீடுகளில் தொட்டி இருக்கிற பக்கம் கையைக் காட்டிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்கள். இவர் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிற வீடு அது ஒன்றுதான். அந்தத் தொட்டி போனால் என் வியாழக்கிழமையும் போய்விடும். செத்த மீனைச் செடித் தொட்டியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: “இன்னொண்ணு வரவழைங்க. அதுவும் போச்சுன்னா இந்தத் தொட்டியை எடுத்துக்கினு போயிடுங்க பாய். இந்த வீட்ல சாவு போதும்.”

பௌர்ணமியில் வந்த பெட்டி

மூன்றாவது மீனைச் சென்னையிலிருந்து பஸ்ஸில் அனுப்பினார்கள். அனுப்பியவருக்குப் பௌர்ணமியைப் பற்றி என்ன கவலை? அன்றைக்கு எந்தப் பஸ்ஸும் ஊருக்குள் வராது. ஊருக்கு வெளியே வயலை ஒட்டிப் போட்டிருக்கும் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் நின்றுவிடும். ஆட்டோவும் பாதி வழிதான். தெர்மாகோல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மதிய வெயிலில், செருப்பில்லாமல் கிரிவலம் போகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மா கும்பிட்டு வழிவிட்டார். அன்னதானப் பந்தலில் இருந்தவர் என் இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருப்பதைப் பார்த்து, மோர்ப் பாக்கெட்டை எடுத்துப் பெட்டியின் மேலேயே வைத்தார்.

தடுப்பு போட்டிருந்த இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் பெட்டியை இறக்கித் திறக்கச் சொன்னார். மோரைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு மஞ்சள் மீன் ஒருக்களித்துப் படுத்திருந்தது. இத்தனை பெரிய பெட்டிக்குள் இத்தனை சின்ன மீனை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தடுப்பை அவரே நகர்த்தினார். “உசுரு இருக்குதுல்ல? அப்ப எங்கிட்ட பேசிக்கினு நிக்காதீங்க, போங்க.”

வேறு ஊர் நேரம்

இந்த முறை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். முரட்டு மணலை முந்தின வாரமே அள்ளிவிட்டு, சலித்த மெல்லிய மணலை நாலு விரல் உயரத்துக்குப் போட்டிருந்தேன். எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டவரிடம் இது புது வகை என்று சொல்லிவைத்தேன். தொட்டிக்கு மேலே சட்டம் அடித்துக் கொசுவலை கட்டியாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு, மீனைப் பையிலிருந்து வாளிக்கு மாற்றி, புதுத் தண்ணீர் பழகட்டும் என்று தொட்டித் தண்ணீரை அதற்குள் சின்னக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கினோம். பிறகு மீனைக் கிண்ணத்தில் மொண்டு தொட்டியில் விட்டோம். அது ஒரு சுற்று சுற்றியது. தலையைக் கீழே குத்தியது. வாலை இரண்டு தடவை ஆட்டியது. அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

இரண்டு பேரும் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணாடியைத் தட்டாதீர்கள், கிளறாதீர்கள், ஒரு வாரம்கூட ஆகலாம் என்று சொன்னேன். எங்கோ வேறு கடலில் பிடித்த மீன். அங்கே விடிகிற நேரம் வேறு, இங்கே வேறு. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கப்பலில் போகும்போது கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்களாம், உடம்பு மட்டும் நகராதாம். “அதுக்கு இன்னும் அதோட ஊர் டைம்தான் பாய். ஜப்பான்ல எறங்கின மொத வாரம் பூரா பகல்ல தூங்கி வழிஞ்சிக்கினே சாம்பார் வெச்சவன் நான்.”

மாடி வீட்டு அம்மா

ஐந்தாம் நாள் போனபோது தொட்டிக்கு முன்னால் ஒரு அகல் விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குச் செவ்வரளி மாலை. ஊதுவத்தி வேறு. சார் வீட்டு மாடியில் குடியிருக்கும் வசந்தாம்மாவின் வேலை. சோறு தண்ணி இல்லாமல் தானாகவே மண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று சார் சொன்னதைக் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் அப்படிச் செய்கிறவர்களை என்னவென்று சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜீவசமாதி என்று முடிவு கட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாருக்கு வரவில்லை. ஊதுவத்திப் புகை தண்ணீரில் கலந்தால் மீனுக்கு ஆகாது என்று சொல்லி அதை மட்டும் வாசலுக்கு மாற்றினேன். அது சாமியாராகவில்லை அம்மா, பயந்துபோய் ஒளிந்திருக்கிறது, எழுந்து வந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன். வசந்தாம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எனக்கு இந்த ஊரு முப்பது வருசமா தெரியும் பாய். உள்ள போனவங்க யாராச்சும் எழுந்து வந்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

நாற்காலியின் இடம்

நான் வியாழக்கிழமை மட்டும் போகிறவன், இப்போது தினமும் போனேன். உப்புப் பார்க்கணும், சூடு பார்க்கணும் என்று தினம் ஒரு சாக்கு. ஏழாம் நாள்தான் கவனித்தேன். சாருடைய நாற்காலி தொட்டியிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை அங்கேயேதான். சாப்பாடும் அங்கேயே. கரண்டி மடியில் இருந்தது. கிளறவில்லை, சும்மா வைத்திருக்கிறேன் என்றார்.

மீன் கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தால் எதிரே தெரிவது இவர் முகம்தான். எப்படி வரும்? ஆள் அசைகிற இடத்தில் அது வராது சார், தினமும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் மடியிலிருந்த கரண்டியை ஒரு தடவை புரட்டி வைத்தார். பிறகு, நான் கடலில் இருந்த இருபத்தெட்டு வருஷமும் அவள் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருப்பாள், இப்போது என் முறை என்றார். கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: “வெளிய போங்கன்னு சொல்றீங்க. எங்க போறது பாய்?”

பேப்பரில் சுற்றிய கரண்டி

அந்தக் கேள்வியோடுதான் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனேன். யோசித்துப் பார்த்தால், கடை இல்லாவிட்டால் நானும் போக இடமில்லாதவன்தான். மறுநாள் காலையில் போன் செய்து, கடைக்கு வாங்க சார் என்று மட்டும் சொன்னேன். பத்து மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவி இறந்தபிறகு ஊருக்குள் வருவது அதுதான் முதல் தடவையாம். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்தால் தோசைக் கரண்டி. வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். வலைகள் மாட்டியிருக்கும் ஆணியில் மாட்டினேன்.

ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களையும் தங்கமீன்களையும் பார்த்தார். டீ வரவழைத்தோம், எனக்கு இறங்கவில்லை. ஆணியில் தொங்கிய கரண்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது மீன் செத்ததற்குப் பாதிக் காரணம் என் மணல்தான் சார் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் வராதீங்க என்பார் என்று நினைத்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தெரியும் பாய். நாக்குல வெச்சுப் பார்த்தேன், குத்துச்சு. நானுந்தான கரண்டிய வுட்டேன்.”

ஒன்பதாம் நாள்

மறுநாளும் பத்து மணிக்கு வந்தார். பதினோரு மணிக்குக் கொஞ்சம் இறால் குஞ்சைப் போட்டுவிட்டு ஓசைப்படாமல் வந்துவிடுங்கள் என்று வசந்தாம்மாவிடம் சாவியைக் கொடுத்திருந்தார். பதினொன்றே காலுக்குச் சாருடைய போன் அடித்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எடுக்கத் துணிவில்லை, என்னிடம் நீட்டினார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். வசந்தாம்மா குசுகுசுவென்று பேசினார். அது எழுந்து வந்துவிட்டதாம். இறாலைத் துரத்தித் துரத்திச் சாப்பிடுகிறதாம். உடம்பில் ஒரு கீறல் இல்லையாம்.

சார் எழுந்து செருப்பை மாட்டினார். கடை வாசல் வரை போனார். வேங்கிக்கால் பஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. அது கிளம்பிப் போகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், கை ஈரத்தில் அது தெரியவில்லை. “நான் போய் நின்னா மறுபடி உள்ள போயிடும். அது நிம்மதியா சாப்புடட்டும். இன்னொரு டீ சொல்லுங்க பாய்.”

இப்போது மீன் நன்றாகப் பழகிவிட்டது. யார் முன்னால் நின்றாலும் ஒளிவதில்லை, சாயங்காலம் விளக்கை அணைப்பதற்குச் சற்று முன்னால் தூங்குவதற்கு மட்டும் மணலுக்குள் போகிறது. சார் பத்து மணிக்கு வருவதை நிறுத்தவில்லை. கரண்டியை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. தோசைக்கு இரண்டு பேரும் எதிர் ஓட்டலுக்குப் போகிறோம். இத்தனை வருஷத்தில், வாங்கியவர் என் கடையில் வந்து உட்கார்ந்ததால் பிழைத்த மீன் இது ஒன்றுதான் என்பதால், இனி இந்த மீன் கேட்டு வருகிறவர்களுக்கு மெல்லிய மணலோடு ஒரு நாற்காலியையும் கடையில் ஒதுக்கித் தருவதாக இருக்கிறேன்.