அண்ணன் சொன்ன வேண்டாம்

அண்ணனுக்குப் பேச்சு வராது. நெய்வேலியில் நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அவன் போய்வந்த சிறப்புப் பள்ளியில் தொடுதிரை உள்ள ஒரு டேப் கொடுத்தார்கள். படத்தைத் தொட்டால் பேசும். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. அண்ணனுக்கு ஏன் ஒரு அக்காவின் குரல் வருகிறது என்பதே எனக்கு முதல் குழப்பம்.

அவன் முதலில் அம்மா என்று சொல்வான் என வீடே காத்திருந்தது. அவன் பிடித்துக்கொண்டதோ சிவப்பில் பெருக்கல் குறி போட்ட படத்தை. குளிக்கக் கூப்பிட்டால் "வேண்டாம்." தலைவாரப் போனால் "வேண்டாம்." அம்மா முத்தம் கொடுக்கக் குனிந்தபோதும் அதேதான். அம்மா பள்ளியில் போய் முறையிட்டாள். டீச்சரோ கைதட்டிச் சிரித்தார். நான் வேண்டாம் என்றால் முதுகில் விழும். அவன் சொன்னால் கைதட்டலா?

ஒருநாள் முதல் ஷிப்டு முடிந்து வந்த அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"பாப்பா, அந்த வேண்டாம் படத்த மட்டும் எடுத்துட முடியுமா? அம்மா பாவம்."

டேப்பை நோண்டுவதில் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி. மறைத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் சோறு சிந்தும் என்று டேப்பை அலமாரியில் வைத்துவிடுவோம். அன்று அப்பா அதை அண்ணன் மடியிலேயே விட்டுவிட்டார். அம்மா தயிர்சாதம் பிசைந்து வந்தாள். ஊட்டும்போது அவன் எப்போதும் முரண்டு பிடிப்பான், கையைக் கடிப்பான். சேட்டை என்று அம்மா அவனை மடக்கிப் பிடித்து ஊட்டுவாள்.

அண்ணன், வேண்டாம் படம் இருந்த இடத்தைத் தொட்டான். சத்தம் வரவில்லை. நகம் வெளுக்க அழுத்தினான். பிறகு டேப்பை என்னிடம் நீட்டினான், சரிசெய்து கொடு என்பதுபோல. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

படத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவன் உடனே தொட்டான்.

"வேண்டாம்."

அம்மாவின் கை நின்றது. "தயிர்சோறா வேணாம்?"

"வேண்டாம்."

"இத்தினி வருஷமா இதத்தான கண்ணு ஊட்டிகினு இருந்தேன்" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மா அழுதாள்.

சோறு வீணாகிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன். "நான் சாப்புடறேம்மா" என்று தட்டை இழுத்து வழித்துத் தின்றேன். கடைசிப் பருக்கையும் தீர்ந்த பிறகும் அவள் ஏன் நிறுத்தவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.