பிரிக்காத பெட்டி

இது கதை இல்லை, நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். பேயை நம்புகிறவன் நானும் இல்லை.

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நேரில் போய்ப் பார்க்கும் வழக்கமே கிடையாது. திரையில் பச்சைப் புள்ளி எரிந்தால் எல்லாம் நலம். சிவப்பு என்றால்தான் அங்கே ஆளை விரட்டுவார்கள்.

விரட்டப்படுகிறவர் என் மகளின் கணவர். தலைமுடியை வைத்து அவரை எல்லோரும் கூப்பிடுவது 'சுருட்டை' என்று. அவர் கம்பெனி வேனை ஓட்டுகிறவன் நான். ஊருக்கு வெளியே கிடக்கும் பம்பு நிலையங்களில் நெட்வொர்க் பெட்டி மாட்டுவது அவர் வேலை. பெட்டிக்குள் தலைமை அலுவலக சர்வரின் முகவரியைப் போட வேண்டும். பொறுப்பாள் என்ற இடத்தில், மாட்டுகிறவர் தன் பெயரைப் போட வேண்டும். அதற்குப் பிறகு பெட்டியே சர்வரைக் கூப்பிட்டு 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே புள்ளி பச்சையாகும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அன்று கடைசி நிலையம். அதுவும் பச்சையானால் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம். போய்ச் சேரும்போது மாலை ஆறரை. பூட்டைத் திறந்து சுவிட்சைத் தட்டினேன். விளக்கு வரவில்லை. பெட்டி என் கக்கத்தில் இருந்தது. அட்டைகூடப் பிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். தலைமை அலுவலக மேடம்.

"பச்சை வந்துடுச்சு, சுருட்டை. அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் பெட்டியவே பிரிக்கல மேடம். பழைய பெட்டி ஏதாவது ஓடுதோ என்னவோ."

"பொறுப்பாள் பேரு 'ஒல்லி'ன்னு இருக்கு."

மாப்பிள்ளை டார்ச் அடித்தார். சுவரில் பெட்டி இல்லை. நாலு திருகு ஓட்டை. தொங்குகிற வயர்.

ஆனால் சத்தம் வந்தது... ர்ர்ர்... பெட்டிக்குள் விசிறி சுற்றுகிற சத்தம். வெறும் சுவரிலிருந்து.

"மாப்பிள்ளை, வாங்க போலாம்."

"இருங்க மாமா. இத மாட்டலன்னா என் வேலை போச்சு."

சுவர்ப் பக்கம் போனார். வயரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

போனில் மேடம் குரல். "ஒல்லிய யாரோ அழிக்கிறாங்க... வேற பேரு அடிக்கிறாங்க... சு... ரு..."

ர்ர்ர்...

காலரைப் பிடித்தேன்.

இழுத்தேன்.

இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே போய் விழுந்தோம்.

"வேலை நிரந்தரமாகணும் மாமா..."

"முதல்ல உசுரு நிரந்தரமா இருக்கட்டும்."

மறுநாள் கம்பெனி ஸ்டோர்காரர் சொன்னார். ஒல்லி, மாப்பிள்ளைக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன். அந்தச் சுவரில் பெட்டி மாட்டும்போது கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அன்றைக்கே அந்தக் கட்டடத்துக்கு வரும் கரண்டைக் கம்பத்திலேயே வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை.

புள்ளி இன்னும் பச்சைதான். எல்லாம் பச்சை என்று மாப்பிள்ளைக்கு வேலையும் நிரந்தரமாகிவிட்டது. பொறுப்பாள் இடத்தில் மட்டும் 'சுரு' என்று பாதியில் நிற்கிறதாம். சர்வர் குழப்பம் என்கிறார் மாப்பிள்ளை. பேய் என்கிறார் ஸ்டோர்காரர். இரண்டையும் நான் நம்பவில்லை.

அன்று ஒல்லி கதையைக் கேட்ட கையோடு, பிரிக்காத பெட்டியை ஸ்டோர் மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன்.

"பெரியவரே, அந்த நிலையத்துச் சாவி?"

நான் திரும்பவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.