அண்ணி தேர்ந்தெடுத்த கேமரா

ரவிக்கைத் துணி தேடிப் பீரோவைத் திறந்தபோதுதான் அந்தக் கேமரா கண்ணில் பட்டது. ஒரு பழைய துவாலையில் சுற்றி, நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டு, என் நாத்தனாரின் புடவைகளுக்கு அடியில் இருந்தது. வாங்கிக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முடிச்சைப் பார்த்தால் நாளைக்கு எடுக்கலாம் என்று வைத்தது போலத் தெரியவில்லை, இனி வேண்டாம் என்று கட்டி வைத்தது போல இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். என் கணவருடைய தீபாவளி போனஸ் முழுவதும் அந்தத் துவாலைக்குள் இருந்தது. நான் கேட்டிருந்த வாஷிங் மெஷின் அதனால்தான் அடுத்த வருடத்துக்குப் போயிருந்தது.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்பது ஒரு பேச்சுக்கு. தோளைத் தொட்டால்தான் திரும்புவார். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரே நின்று நிதானமாகச் சொன்னால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. தாமலிலிருந்து வாழ்க்கைப்பட்டு உத்திரமேரூர் பக்கத்துக் கிராமமான இந்த ஊருக்கு வந்த புதிதில், அவர் என்னோடு சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். “சோறு துன்னியாம்மா?” என்று அவர் கேட்டால் மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள் தாங்கள் சாப்பிட்டுவிட்டதாகப் பதில் சொல்வார்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தால் குரலைக் குறைத்துக்கொள்வார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாய் நடத்திய ஸ்டுடியோவில் அண்ணி பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். பாஸ்போர்ட் படங்களை ஓரம் வெட்டுவதில் தொடங்கி, பிறகு படம் எடுப்பதும் அவர் வேலையாயிற்று. எல்லாருடைய கையிலும் செல்போன் வந்த பிறகு பாய் ஸ்டுடியோவை ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்டு, பழைய கேமராவை அண்ணிக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் தையல் மெஷின் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். கல்யாணம், திருவிழா எதையும் எடுக்க மாட்டார். தார்ரோட்டில் காயும் நெல், டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்த கோழி, பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் யாரோ ஒருத்தியின் கொண்டை, இட்லிப் பானையைத் திறக்கும்போது என் முகம், இப்படித்தான் எடுப்பார். இதையெல்லாம் எதற்கு எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “விசேசத்த எல்லாரும் எடுப்பாங்க. செவ்வாக்கெழமைய யாரு எடுப்பா?” என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை பிடித்திருக்கிறது.

பாய் கொடுத்த கேமரா ஒருநாள் நின்றுபோனது. ரிப்பேர் செய்பவர் உள்ளே பார்த்துவிட்டு, சாமான் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார். அக்கா முகம் வாடியதைப் பார்த்து என் கணவர் புதிதாக வாங்குவது என்று தீர்மானித்தார். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இரண்டு வாரம் கேமரா வீடியோக்களாகப் பார்த்தார். இப்போதெல்லாம் மிரர்லெஸ்தான், உள்ளே கண்ணாடியே கிடையாது, எடை குறைவு என்று எனக்குப் பாடம் நடத்தினார். பாடி என்கிற கேமரா உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், லென்ஸ்தான் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் பாடியைவிட லென்ஸ் பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றைப் பிடித்தார். “கிட்டப் போனா ஆளுங்க பேச்சுக் குடுப்பாங்க. அக்காவுக்குப் பேஜாரு. இதுன்னா எட்ட நின்னே எடுத்துக்கும்” என்றார். அவர் யோசித்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை, பாசமாகத்தான் யோசித்தார்.

கடையிலிருந்து எனக்குப் போன் செய்தார். படம் எடுக்கும்போது சத்தம் வராமல் செய்து கொடுக்க முடியுமாம், செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் அடுப்பில் கொதிக்கும் குழம்பைப் பார்த்துக்கொண்டே, “அவங்களுக்குச் சத்தம் வந்தா இன்னா, வராட்டி இன்னா. அடைச்சே குடுக்கச் சொல்லுங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

புதுக் கேமரா வந்த அன்று அண்ணி தம்பியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். ஒரு வாரம் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தார். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்தார், அப்புறம் கேட்டால் மட்டும் எடுத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நல்லாத்தான் கீது” என்பார். அந்த ‘தான்’ எனக்கு உறைத்திருக்க வேண்டும். காசைக் கொட்டி வாங்கிக் கொடுத்தும் அருமை தெரியவில்லையே என்று என் கணவர் ஒருநாள் வாய்விட்டே சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

பீரோவில் கிடைத்த மூட்டையை எடுத்துக்கொண்டு போய், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அண்ணியின் முன்னால் வைத்தேன். “ஏன் அண்ணி, புடிக்கலியா?” என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பிறகு நான் கையை அசைக்காமலே, முதல் முறையாக, மெதுவாகப் பேசினார்.

“எடுத்துச்சா இல்லியான்னே தெர்லம்மா. பழசு, அமுக்கினா கையில தட்டும். இது அப்டியே கல்லாட்டம் கீது. பத்து தபா அமுக்கறேன், பத்து தபா தொறந்து பாக்கறேன். எனுக்குக் கைப்பழக்கம் போயிடுச்சோன்னு நெனச்சிக்கினேன். காதுதான் போச்சு, இப்ப கையும் போச்சான்னு.” கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தார். “அம்மாம் பணம் போட்டு வாங்கியாந்துகீறான். அவங்கிட்ட எப்டி சொல்றது?”

பழைய கேமராவில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கண்ணாடி மேலே போய் அடித்துவிட்டுத் திரும்பும். அந்த அடி நமக்குச் சத்தம்; அண்ணிக்கு அது உள்ளங்கையில் விழும் தட்டு. எடுத்துவிட்டேன் என்று கேமரா அவருக்குச் சொல்லும் பதில் அதுதான். சத்தம் என்றால் காதுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பதிலைக் குழம்புக் கரண்டியும் கையுமாக நின்று அடைக்கச் சொன்னவள் நான். இத்தனை நாளாக இந்த மனுஷி தனக்குப் பிடித்த ஒரே வேலையும் தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, அதே வீட்டில் எங்களோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார்.

அன்று மாலை கேமராவோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் கணவரும் மல்லுக்கட்டினோம். சத்தத்தை அடைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அணைத்தோம். கண்ணாடி இல்லாவிட்டாலும், ஷட்டர் என்று உள்ளே ஒரு திரை திறந்து மூடும்போது ஒரு தட்டு உண்டாம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். “தட்டுது” என்றார். முகம் மலர்ந்தது, ஆனால் முழுதாக மலரவில்லை. “அடுத்த வூட்ல யாரோ தட்றாப்ல கீது” என்றார். லென்ஸ் அவ்வளவு கனம். அதைத் தாங்கிப் பிடிப்பதிலேயே கை மரத்துவிடுகிறது, உள்ளே நடப்பது கைக்கு வந்து சேரவில்லை. கேமராவையே மாற்றிவிடலாம் என்று கணவரே சொன்னார். அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். கடையில் விற்பனைக்கு நின்ற பெண் சுறுசுறுப்பானவள். இது இத்தனை மெகாபிக்சல், இது இருட்டிலும் எடுக்கும், இது ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணி அவள் உதட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பாடியாகக் கையில் வாங்கி, கண்ணை மூடி, அழுத்திப் பார்த்தார். “இது கிச்சுக்கிச்சு மூட்டுது.” தள்ளி வைத்தார். “இது அதட்டுது.” அதையும் தள்ளினார். குரல் கடை முழுக்கக் கேட்டது, நானும் கையை அசைக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் பட்டியலை நிறுத்தினாள். தானும் ஒரு கேமராவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து சின்னதாக ஒரு பாடி எடுத்தாள். முந்தைய வருடத்து மாடலாம். லென்ஸ் இல்லாமல் வெறுமனே காட்டக் கூடாது, உள்ளே தூசி போகும் என்று, கைக்குக் கிடைத்த ஒரு குட்டி லென்ஸைப் பொருத்திக் கொடுத்தாள்.

அண்ணி அழுத்தினார். கண்ணைத் திறந்தார். மறுபடி அழுத்தினார். “இதான்” என்றார். அந்தப் பெண் அதே பாடியில் பெரிய லென்ஸ் ஒன்றை மாட்டிக் கொடுத்தாள். அண்ணி அழுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டி, குட்டி லென்ஸையே திரும்பக் கேட்டார். என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, இதுல கிட்ட இழுக்க முடியாது. ஜூம் கெடையாது. நீதான் நடந்து போவணும்” என்றார். கவுண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னதால், அக்கா பக்கம் திரும்பி இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. “போறேன்” என்றார் அண்ணி. “காலு கீது இல்ல.”

பாசத்தோடு நாங்கள் தேர்ந்தெடுத்த லென்ஸ் அண்ணியை எல்லாரிடமிருந்தும் எட்ட நிறுத்தியிருக்கும் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்தக் குட்டி லென்ஸில் ஒரு முகம் வேண்டுமென்றால் நாலடிக்குள் போயாக வேண்டும். நாலடிக்குள் போனால் அவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஏரிக்கரைக்குக் கீழே களை எடுக்கும் பெண்களை முன்பெல்லாம் ரோட்டில் நின்றே எடுத்துவிட்டு வருவார். இப்போது புடவையைச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுகிறார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். “எங்கள எடுத்து இன்னா பண்ணப் போற?” என்று ஒருத்தி குனிந்துகொண்டே கேட்டாள். அண்ணி பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவள், “நிமிந்து கேளுடி, அதுக்கு மூஞ்சப் பாத்தாதான் தெரியும்” என்றாள். அவள் நிமிர்ந்து கேட்டாள். “ஒம் மூஞ்ச ஒனக்கே காட்டப் போறேன். பயந்துக்கப் போற” என்றார் அண்ணி. வயல் முழுக்கச் சிரிப்பு. ஊரே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், முதுகுக்குப் பின்னால் நின்று கத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் திரும்பி நின்று பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் கணவரின் வேலைக்காக ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் போடலாம் என்று கம்பெனி நண்பர்கள் இவரிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள். முதலில் கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள் என்பார். அவர்கள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. அண்ணி ஊரில் மாமனாரோடு இருக்கிறார். அவர் எடுக்கும் செவ்வாய்க்கிழமைகள் வாட்ஸப்பில் எங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கலாம் என்றதும் அண்ணி வழக்கம்போல் கேமராவோடு எதிர்ப்பக்கம் போனார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவர் இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருமுறையாவது நீங்களும் நில்லுங்களேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் சொன்னார். “அஞ்சாம் கிளாஸ்ல க்ரூப் போட்டோ எடுத்தாங்க. சிரின்னாங்க, சிரிச்சிக்கினு நிக்கறேன். பாத்தா எல்லாம் ஓடிப்போச்சிங்க. நான் மட்டும் கைய கட்டிக்கினு சிரிச்சிக்கினு கீறேன். அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்னு தெர்ல. கல்யாணத்துல நின்னாலும் அதே கதிதான். அதான் இந்தாண்ட வந்துட்டேன்.”

மற்றவர்களுக்குச் சத்தம் கேட்டதும் படம் முடிந்துவிடும். அவருக்கு யாராவது தொட்டுச் சொன்னால்தான் முடியும். இத்தனை வருடம் அவர் எடுத்த படங்களில் சிரித்துவிட்டு, சத்தம் கேட்டதும் எழுந்து போனவர்களில் நானும் ஒருத்தி.

கேமராவை வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் தேடி, வாங்கிய நாளிலிருந்து நாங்கள் அணைத்தே வைத்திருந்த, சத்தத்தை அடைக்கும் வசதியைப் போட்டேன். எல்லாரையும் வாசலில் நிறுத்தி, அண்ணியை நடுவில் நிற்க வைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முகவாயைத் தூக்கிச் சிரித்தார். அழுத்தினேன். எந்தச் சத்தமும் வரவில்லை. கையிலும் ஒன்றும் தட்டவில்லை, எடுத்ததா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன். யாரும் அசையவில்லை.

“இன்னாம்மா, ஆச்சா?” என்றார் மாமனார், சிரிப்பைக் கலைக்காமல் பல்லுக்கிடையில். “எடுத்துட்டியா?” என்றார் கணவர். நான் பதில் சொல்லவில்லை. பதினோரு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி சிரித்தபடியே கண்ணை மட்டும் இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். யாரும் போயிருக்கவில்லை. அதைப் பார்த்தபோது அவர் சிரித்த சிரிப்பையும் எடுத்தேன்.

பிறகு ஆயிற்று என்று தலையை ஆட்டினேன். பதினோரு பேரும் ஒன்றாகக் கலைந்தார்கள்.