ஏழு நாள் நோட்டீஸ்

சென்ற ஆண்டு மந்தைவெளியில் எங்கள் வீட்டில் தொடங்கிய விஷயம் இது. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதிகள் மனப்பாடம். எல்லாவற்றுக்கும் அந்தத் திமிர்தான் காரணம்.

எங்களுக்குச் சமைக்கும் அம்மாவுக்கு ஆற்றங்கரையில் குடிசை. அங்கிருப்பவர்களுக்கு மாற்று வீடு தரக் கணக்கெடுப்பு நடக்க இருந்தது. ஆள் வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும். என்றைக்கு வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். ஆகவே இவர் காலை ஆறு மணிக்கு வந்து, எட்டுக்குள் சமைத்துவிட்டு ஓடுவார்.

அந்தச் சமயத்தில் தி.நகர் விடுதி ஒன்றில் முழுநேரச் சமையல் வேலை வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். எனக்குக் கோபம்.

"இப்படி இருந்தா எப்பம்மா முன்னேறுவீங்க? ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்காம அவங்க வரவே முடியாது. விதி அப்படி."

"இன்னா சார், நோட்டீஸு நட்ந்து வந்து எங்கூட்டு கதவ தட்டுமா?" என்று சிரித்தார். ஆனாலும் படித்தவன் சொல்கிறானே என்று வேலையில் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் வந்தார்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

விதியின் நகலோடு கணக்கெடுப்பு நடத்திய அலுவலகத்துக்குப் போனேன். "நோட்டீஸ் எங்கே?"

"பத்து நாள் முன்னாடியே ஒட்டியாச்சே சார்."

"எங்க?"

"நம்ம ஆபீஸ் போர்டுலதான்."

மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்ட பலகை. ஆற்றங்கரைக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்க்க முடியாத இடம். ஆனால் விதிப்படி எல்லாம் சரி. 'அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது' என்ற வரியை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதி, நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். கத்தினேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"அப்பீல் போடுங்க சார். திரும்ப ஆள் வந்து பாப்பாங்க."

"எப்போ?"

"வருவாங்க."

அப்பீல் போட்டேன். அந்த அம்மா விடுதி வேலையை விட்டுவிட்டு, பழையபடி காலையில் எங்களுக்குச் சமைத்துவிட்டு ஓடிப்போய் வீட்டில் காத்திருக்கிறார். இதுவரை யாரும் வரவில்லை.

"எங்க ஏரியால வேற யார்க்கும் ஐடியா குட்த்துடாத சார்" என்றார் ஒருநாள், சாம்பாரை இறக்கி வைத்தபடி.

இந்த ஜனங்களுக்கு அன்றன்றைக்குத்தான் புத்தி என்று பணிக்காலம் முழுவதும் ஏளனம் செய்தவன் நான். அவர்களை அப்படி வாழவைத்த கைகளில் என்னுடையதும் ஒன்று என்று நினைத்தால், இன்றும் சோறு இறங்குவதில்லை.