அஞ்சுக்கு அஞ்சு போட்ட பெண்கள்

"ஒடிசாப் பையன்மாருக்க கான்ட்ராக்ட இந்த மாசத்தோட முடிச்சிரணும். அவனுவளுக்குக் கம்பெனி மேல பற்றே இல்ல" என்றார் எங்கள் எம்.டி.

தேங்காய்ப்பட்டணம் பக்கம் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. நான் எச்.ஆர். மேனேஜர். ஊழியர்களுக்கு வேலையில் எவ்வளவு ஈடுபாடு என்று அறிய நான் நடத்திய சர்வேயின் முடிவு திரையில் இருந்தது. இறால் உரிக்கும் பீலிங் செக்‌ஷனில் உள்ளூர்ப் பெண்கள். ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் அஞ்சுக்கு அஞ்சு. ஃப்ரீசரில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்கள் இரண்டும் மூன்றும்.

உள்ளதைச் சொல்லுங்கள், யாருக்கும் ஒன்றும் வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

விசாரித்தேன். ஒடிசாக்காரர்கள் தங்கள் அறையில், தங்கள் மொழியில், சொந்த போனில் பதில் போட்டிருந்தார்கள். பீலிங் செக்‌ஷனில் நடந்ததை அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் ஜைனம்பு அக்கா சொன்னார். சூப்பர்வைசர் தன் போனில் கேள்வியை வாசிப்பாராம். இவர்கள் சொல்லும் நம்பரை அவரே அழுத்துவாராம்.

"மரியாதையா நடத்துறாங்களான்னு கேட்டதுக்கும் அஞ்சா அக்கா?"

"பின்ன? அவருல்லா முன்னால நின்னு கேக்காரு. கொறச்சுச் சொன்னா நாளைக்கு வரண்டாம்னு சொல்லிருவாரு. பாத்ரூம் போனா ஏசுவாருன்னு நாங்க டூட்டி முடியது வர வெள்ளமே குடிக்கியதில்ல, மேடம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஹாலைத் தாண்டித்தான் தினமும் என் அறைக்குப் போகிறேன்.

குழித்துறையிலிருந்து வெளி ஆட்களை வரவழைத்து, சூப்பர்வைசர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், எல்லாப் பிரிவிலும் ஒரே முறையில் மறுபடி சர்வே எடுத்தோம். ஆளை அடையாளம் காணக்கூடிய சின்னக் குழுக்களின் மார்க்கைத் தனியாகக் காட்டவில்லை. பெண்களின் மார்க் ஒடிசாக்காரர்களுக்கும் கீழே போனது. எம்.டி. ஒடிசாக்காரர்களின் கான்ட்ராக்ட் ஃபைலை எடுத்துவரச் சொல்லி, புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் அந்த வாரமே மாற்றப்பட்டார். பாத்ரூம் போக யாரிடமும் கேட்க வேண்டாம் என்று நானே செக்‌ஷனில் நின்று சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். இரண்டு பிரிவின் மார்க்கை ஒப்பிடும் முன், பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். எங்கள் கம்பெனியில் குறை சொன்னவர்கள்தான் எங்களை நம்பியவர்கள். அவர்களைத்தான் வெளியே அனுப்பப் பார்த்தோம்.